அரூபச் சிற்பியின் வாழ்நாள் வேலையைப் பட்டியல் போடுவது எப்படி?

ஒரு பிள்ளையார் சிலை தொலைந்தால் தேடுவது சுலபம். தும்பிக்கை எந்தப் பக்கம், கையில் என்ன, எத்தனை அடி உயரம் என்று சொன்னால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். முப்பது நாற்பது வருடமாக இரும்புத் தகட்டிலும் கருங்கல்லிலும் வளைவும் துளையுமாகச் செய்துவரும் ஒருவரின் சிற்பம் தொலைந்தால் என்ன சொல்லித் தேடுவது? "நடுவுல ஓட்டை இருக்குமே, அது" என்றால் அவர் செய்ததில் பாதி பொருந்தும். தலைப்பைச் சொல்லலாம் என்றால் 'வடிவம்' என்ற பெயரிலேயே ஏழெட்டு இருக்கும். மீதி 'தலைப்பில்லை'.

அதனால்தான் ஆள், விலங்கு என்று அடையாளம் சொல்ல முடியாத வடிவங்களைச் செய்யும் அரூபச் சிற்பிக்கு முழுப் பட்டியல் வேண்டும். அவர் செய்த ஒவ்வொன்றும் என்ன, எப்போது செய்தது, எதில் செய்தது, என்ன அளவு, இப்போது எங்கே இருக்கிறது என்ற கணக்கு. வெளிநாட்டில் பெரிய சிற்பிகளுக்கு இதற்கென்றே அறக்கட்டளைகள் உண்டு. ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் 1977இலேயே தன் பெயரில் ஒன்றை அமைத்துவிட்டார். அவருடைய சிற்பங்களின் பட்டியல் மட்டும் ஆறு தொகுதி. நம் பக்கம் அப்படி ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் புதுச்சேரியின் கலைக் கல்லூரியான பாரதியார் பல்கலைக்கூடத்தில் படிக்கும் ஒரு மாணவரோ சிற்பியின் மகளோ மருமகனோ கையில் ஒரு அளவு நாடாவும் செல்போனும் வைத்துக்கொண்டு இதைச் செய்துவிட முடியும். புதுச்சேரியிலும் கடலூரிலும் இந்த வேலையில் இறங்குபவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு அவசரம் உண்டு. சிற்பி உயிரோடு, நல்ல நினைவோடு இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் பதிலை அவருக்குப் பிறகு ஒரு வருடம் அலைந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் எல்லைக் கோடு

எடுத்த எடுப்பில் நாடாவோடு பட்டறைக்குள் இறங்காதீர்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சிற்பியோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூலையில் சாத்தியிருக்கும் வளைந்த தகடு படைப்பா, வெட்டிப் போட்ட மிச்சமா என்பது பார்த்தால் தெரியாது. அவரைக் கேட்டாலும் அன்றைய மனநிலையைப் பொறுத்து பதில் மாறும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அதை யாருக்காவது காட்சிக்கு வைத்தாரா, விற்றாரா, கொடுத்தாரா, கையெழுத்துப் போட்டாரா? நான்கில் ஒன்று இருந்தாலும் அது படைப்பு. எதுவும் இல்லையென்றால் 'பட்டறைப் பொருள்' என்று தனிப் பட்டியலில் போகட்டும். குப்பை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாளைக்கே அவர் அதை எடுத்து நிமிர்த்தி வைத்து, முடிந்தது என்று சொல்லக்கூடும்.

பிழைப்புக்குச் செய்த வேலை இன்னொரு சிக்கல். தொழிற்சாலை ஆண்டுவிழாவுக்கு வார்த்த கேடயம், கல்யாண மண்டப வாசலுக்குச் செய்த யானை, இளவயதில் கூலிக்குப் போய்ச் செய்த கோயில் சுதை. பெரும்பாலான சிற்பிகள் இதையெல்லாம் மறைக்கத்தான் பார்ப்பார்கள். கெஞ்சியாவது வாங்கிவிடுங்கள். கண்காட்சி நூலில் போட வேண்டாம், பட்டியலில் தனி வரிசையாக இருந்தால் போதும். இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து அவர் கையெழுத்தோடு ஒரு யானை கிளம்பி வரும்போது அது போலி என்று நாமே சொல்லிவிடுவோம்.

கோட்டோவியங்கள், சிறு மாதிரிகள், அச்சுப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வேண்டும். மூரின் சிற்பங்களுக்கு 'எல்ஹெச்' என்று தொடங்கும் எண்கள், ஓவியங்களுக்கு 'ஹெச்எம்எஃப்' என்று தொடங்குபவை. நீங்கள் 'சி', 'ஓ', 'மா' என்று வைத்துக்கொண்டாலே போதும்.

எண் முதலில், தலைப்பு அப்புறம்

பாரிஸில் வாழ்ந்த சிற்பி பிரான்குசி 'வான்வெளியில் பறவை' (Bird in Space) என்ற ஒரே தலைப்பில் பதினாறு சிற்பங்கள் செய்தார். பளிங்கில் ஏழு, வெண்கலத்தில் ஒன்பது. தலைப்பை மட்டும் வைத்து எதை எதிலிருந்து பிரிப்பீர்கள்? எனவே ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது. வருடத்தை எண்ணுக்குள் நுழைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சி-1987-04 என்று அழகாகப் போட்டு வைப்பீர்கள். ஆறு மாதம் கழித்து அது 1985இல் செய்தது என்று ஒரு பழைய அழைப்பிதழ் காட்டிக்கொடுக்கும். அதற்குள் அந்த எண் நான்கைந்து பேரிடம் போயிருக்கும். சி-001, சி-002 என்று கைக்குக் கிடைத்த வரிசையிலேயே போடுங்கள். கால வரிசைக்கு வருடம் என்ற தனிக் கட்டம் இருக்கிறது, கணினி அடுக்கித் தரும். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குத் திருப்பிக் கொடுக்கவே கூடாது, அந்தச் சிற்பம் அழிந்துபோனாலும் சரி.

எண்ணைச் சிற்பத்தின் மேல் பெயின்டால் எழுத வேண்டாம். பருத்தி நூலில் அட்டை கட்டினால் போதும். பெரியதாக இருந்தால் பீடத்தின் அடியில் பென்சிலால் எழுதுங்கள்.

அளப்பது

உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில், செ.மீ. கணக்கில். பட்டறையில் எல்லோரும் அடி, அங்குலத்தில்தான் பேசுவார்கள். "ரெண்டே முக்கால் அடி" என்றால் தலையாட்டிக்கொண்டு கேளுங்கள், ஆனால் நாடாவில் செ.மீ. பக்கத்தைப் படித்து எழுதுங்கள். பழைய காகிதங்களில் அங்குலம் மட்டும் இருந்தால் 2.54ஆல் பெருக்குங்கள். அங்குலக் கணக்கையும் அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். எந்தக் காகிதத்திலிருந்து வந்த அளவு என்று பின்னால் தெரியும்.

பெட்டியை அளப்பதுபோல் இதை அளக்க முடியாது. உச்சி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அகலமான இடம் நடுவில் எங்கோ இருக்கும். கொத்தனார் சாமான்தான் இதற்குச் சரி. ஒரு நேரான மரச்சட்டத்தைச் சிற்பத்தின் உச்சியில் படும்படி படுக்கையாகப் பிடித்து, மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவுக்கு வந்ததும் தரையிலிருந்து சட்டத்தின் அடிவிளிம்பு வரை அளக்க வேண்டும். அகலத்துக்கு, இரண்டு பக்கமும் மிகவும் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் முனை தரையைத் தொடும் இடங்களில் சாக்பீஸ் குறி போட்டு, இரண்டு குறிகளுக்கும் நடுவே அளந்துகொள்ளலாம். ஆழத்துக்கும் அப்படியே. இரண்டு பேர் இருந்தால்தான் நடக்கும். காற்று அடிக்கும் நேரத்தில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும், கதவைச் சாத்திவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

எது முன்பக்கம், எது மேல்பக்கம் என்பதைச் சிற்பியிடம் கேட்டு எழுதுங்கள். அரூபச் சிற்பத்தில் இதை யூகிக்கவே கூடாது. வாங்கிப்போனவர் வீட்டில் தலைகீழாக நிற்கும் சிற்பங்கள் நிஜமாகவே உண்டு. சிலருடைய வேலையில் எப்படி வைத்தாலும் சரி என்பார்கள். அப்படியென்றால் அதையும் எழுதுங்கள்.

பீடம் சிற்பத்தோடு சேர்ந்ததா? பிரான்குசி தன் பீடங்களைத் தானே மரத்திலும் கல்லிலும் செதுக்கினார். அவரிடம் பீடத்தைப் பிரித்தால் பாதிச் சிற்பம் போச்சு. நம் ஆள் கடையில் வாங்கிய மரப்பலகையில் வைத்திருக்கலாம். கேட்டுவிட்டு, பீடத்தோடு ஓர் உயரம், பீடமில்லாமல் ஓர் உயரம் என்று இரண்டையும் குறியுங்கள்.

எடை பலர் விட்டுவிடும் விஷயம். கண்காட்சிக்கு அனுப்பும்போது வண்டிக்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். பாரம் தூக்கும் செயின் பிளாக் இருந்தால் தொங்கு தராசில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் கல்லுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ.

எதில் செய்தது

'உலோகம்' என்று எழுதி நிறுத்தினால் அது பதிவே இல்லை. சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பில் ஒட்டும், செம்பு, பித்தளை, வெண்கலத்தில் ஒட்டாது. எவர்சில்வரில் சில ரகம் ஒட்டும், பல ரகம் ஒட்டாது. வெண்கலம்போல் நிறம் தீட்டிய ஃபைபர் கிளாஸை விரலால் தட்டினால் ஓசையிலேயே தெரிந்துவிடும். வெண்கலமா பித்தளையா என்று கண்ணால் சொல்வது கஷ்டம், வார்ப்பவரைக் கேட்பதே நல்லது.

செய்த விதத்தையும் சேர்த்து எழுதுங்கள்: செதுக்கியது, மெழுகு வார்ப்பு, மணல் வார்ப்பு, தகடு தட்டியது, பற்றவைத்தது. சென்னை மரபிலிருந்து வந்த சிற்பிகளில் தகடு தட்டிப் பற்றவைத்துச் செய்பவர்கள் நிறைய. சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரின் சிற்பங்கள் முன்னிருந்து பார்ப்பதற்கென்றே அமைந்தவை. இந்த வகை வேலையில் தகடுகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, பற்றவைப்பு எங்கே ஓடுகிறது, பின்னால் என்ன முட்டுக் கொடுத்திருக்கிறது என்பதெல்லாம் முதுகில்தான் இருக்கும். ஒரு சிற்பியின் கையை அவருடைய பற்றவைப்புக் கோட்டில் அடையாளம் காணலாம். போலியை அடையாளம் காண்பதும் அங்கேதான்.

கையெழுத்தைத் தேடும்போது டார்ச்சைச் சிற்பத்தின் பரப்பை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். நேரே அடித்தால் தெரியாத கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்து ஒரு படி எடுத்து, எண் எழுதி, கோப்பில் போடுங்கள்.

வர்ணனை

புதியவர்கள் மிரளும் இடம் இது. 'காலத்தின் மௌனத்தை உடைக்கும் வடிவம்' என்பது வர்ணனை ஆகாது, அது கண்காட்சித் துண்டுப் பிரசுரத்தோடு போகட்டும். "செங்குத்தாக நிற்கும் ஒற்றைத் தகடு, மேல் மூன்றிலொரு பங்கில் இடப்புறம் வளைகிறது, நடுவில் முட்டை வடிவத் துளை, துளையின் வலது விளிம்பில் மூன்று கம்பிகள்" என்று எழுதுங்கள். படம் பார்க்காத ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குள் போய், பத்துச் சிற்பங்களுக்கு நடுவே சரியானதைத் தொட வேண்டும். இடம், வலம் என்பது பார்ப்பவரின் இடம், வலம் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இது வெட்டி வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 1926இல் பிரான்குசியின் ஒரு வெண்கலப் பறவை அமெரிக்கத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. கலைப்படைப்புக்கு வரி கிடையாது. ஆனால் இறக்கையும் அலகும் இல்லாத பளபளப்பான நீள உலோகத்தைப் பார்த்த சுங்க அதிகாரிகள் அதைச் சமையலறை, ஆஸ்பத்திரி சாமான் வகையில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள். அது சிற்பந்தான் என்று 1928இல் நீதிமன்றம் சொல்லும்வரை இழுத்தது. நம் ஊர்ச் சிற்பங்களுக்கும் சுங்கத்தில் கேள்வி வரும், ஆனால் வேறு திசையில்: இது தொன்மைப் பொருளா என்று. 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம் நாட்டைவிட்டுப் போகக் கூடாது. துருப்பிடித்த இரும்பையோ பழுப்பேறிய கல்லையோ பார்த்து அதிகாரி சந்தேகப்பட்டால், வருடமும் படமும் இருக்கும் உங்கள் பட்டியல் பக்கம் உதவும்.

படம் எடுப்பது

முன், பின், இடம், வலம், மேலிருந்து, கையெழுத்து நெருக்கத்தில். இதற்குக் குறைந்து எடுக்காதீர்கள். ஒரு படத்திலாவது அளவுகோலும் எண் அட்டையும் தெரிய வேண்டும். பின்னால் சாம்பல் நிறத் துணி கட்டுங்கள். வெள்ளை வேட்டியைக் கட்டினால் இருண்ட வெண்கலம் வெறும் கறுப்பாகிவிடும். வெளிச்சத்துக்குக் காலை எட்டு மணிக்குள், அல்லது மேகமூட்டமான நாள். நம் கடற்கரை வெயில் பத்து மணிக்கு மேல் சிற்பத்தின் பாதியை வெளுத்து, பாதியை இருட்டாக்கிவிடும். பளபளப்பான எவர்சில்வர் சிற்பத்தில் நீங்களும் உங்கள் கட்டம் போட்ட சட்டையும்தான் தெரிவீர்கள். கறுப்புச் சட்டை போட்டு, தூரத்தில் நின்று, பெரிதாக்கி எடுங்கள்.

படத்தின் மதிப்பைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிக்காரர்கள் தூரம் போக வேண்டாம். செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருடங்களாகத் தமிழ்நாட்டுக் கோயில் சிற்பங்களைப் படம் எடுத்துச் சேர்த்து வந்திருக்கிறது. கடலூர் மாவட்டம் விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடுபோய், சிட்னியில் உள்ள கலைக்கூடத்தில் நின்றது. அந்தச் சிலை விருத்தாசலத்துக் கோயிலில் இருந்ததைக் காட்டியது இந்த நிறுவனத்தின் பழைய புகைப்படம். 2014இல் சிலை திரும்பி வந்தது. அர்த்தநாரீஸ்வரரையே படம் இல்லாமல் மீட்பது கடினம் என்றால், நடுவில் ஓட்டை இருக்கும் தகட்டை எப்படி மீட்பது?

வார்ப்புகளின் கணக்கு

கல்லில் செதுக்கினால் ஒன்றுதான். வார்ப்பில் ஒரே அச்சிலிருந்து பல வரும், எல்லாமே அசல்தான். 3/6 என்று பொறித்திருந்தால் ஆறில் மூன்றாவது. பிரான்சில் மொத்தம் பன்னிரண்டு வார்ப்பு வரைதான் அசல் என்று கணக்கு: எண்ணிட்டவை எட்டு, சிற்பிக்கு நான்கு. இந்தியாவில் சிற்பி என்ன சொல்கிறாரோ அதுதான் கணக்கு, அதனால் அவர் சொல்வதை எழுத்தில் வாங்குவது இன்னும் முக்கியம்.

ஒவ்வொரு வார்ப்புக்கும் துணை எண் கொடுங்கள்: சி-045/1, சி-045/2. ஒவ்வொன்றும் எந்தப் பட்டறையில் வார்த்தது, எந்த வருடம், யாரிடம் போனது என்று தனி வரி. மூல பிளாஸ்டர் எங்கே, ரப்பர் அச்சு எங்கே, சிற்பிக்குப் பிறகு யாராவது வார்க்கலாமா கூடாதா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்; வாரிசுகள் சண்டை போடும் இடமே அதுதான். சென்னை மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையின் இன்னொரு வார்ப்பு டெல்லி நவீனக் கலைக்கூடத்தில் நிற்கிறது. ஆங்கிலேயச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1969இல் செய்த ஒரு வெண்கலச் சிற்பத்தின் ஒரு வார்ப்பு 2011 டிசம்பரில் லண்டன் பூங்காவிலிருந்து திருடுபோனது. மற்ற வார்ப்புகள் வேறு வேறு இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. எந்த எண் போனது, எந்த எண் இருக்கிறது என்று பட்டியல் இருந்தால்தான் சொல்ல முடியும்.

வருடம் கண்டுபிடிப்பது

"ஐயா, இது எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "தானே புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள், வரும். வீட்டு அம்மா அதைவிடத் துல்லியமாகச் சொல்வார்: "பெரியவ ஆளானப்ப இது வாசல்ல கெடந்துச்சு, பந்தல் போடறவங்க திட்டுனாங்க." அதை எழுதிக்கொண்டு, பெரியவள் பிறந்த வருடத்தைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

இதற்கு ஒரு சின்ன வருட அட்டவணை கையில் இருக்கட்டும். பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1, சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. எம்ஜிஆர் இறந்தது 1987. சுனாமி 2004. தானே புயல் 2011 டிசம்பர் கடைசி. பணமதிப்பிழப்பு 2016. கொரோனா 2020. இதோடு குடும்பத்தின் கல்யாணம், வீடு மாறியது, பட்டறைக்கு மும்முனை மின்சாரம் வந்தது, முதல் கிரைண்டர் வாங்கியது. கடைசி இரண்டும் முக்கியம்: எந்திரம் வந்ததும் கல்லின் மேல் உளித்தடம் குறைந்திருக்கும், கண்ணாலேயே பார்க்கலாம்.

காகிதச் சாட்சிகள் எதிர்பாராத இடங்களில் இருக்கும். கண்காட்சி அழைப்பிதழ், லாரி ரசீது, வார்ப்புப் பட்டறை பில், பாஸ்புக்கில் திடீரென்று ஏறிய ஒரு தொகை. கல்யாண ஆல்பத்தைத் தவறாமல் புரட்டுங்கள். மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் உறவினர்களுக்குப் பின்னால் ஒரு சிற்பம் நின்றுகொண்டிருக்கும், தேதியோடு.

உறுதியாகத் தெரிந்தால் 1994. தோராயமென்றால் 'சுமார் 1994'. இரண்டு எல்லை தெரிந்தால் 1991–96. எந்த ஆதாரத்தில் சொல்கிறோம் என்று அடுத்த கட்டத்தில் குறியுங்கள். மாதிரி செய்த வருடமும் வார்த்த வருடமும் வேறானால் இரண்டையும் போடுங்கள்.

வெளியே போனவை

பட்டறையில் இருப்பது முடிந்ததும் வெளியே போனவற்றைத் தேட வேண்டும். புதுச்சேரியில் வாங்கியவர்கள் பல வகை: வெள்ளை நகரத்து வீட்டுக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள், ஆரோவில்காரர்கள், ஒரு பருவம் தங்கிவிட்டு ஊர் திரும்பிய வெளிநாட்டவர். விடுதி கைமாறும்போது சிற்பமும் கட்டடத்தோடு போய்விடும், புது முதலாளிக்கு அது யாருடையது என்றே தெரியாது. போனில் கேட்பதைவிட, படத்தோடு ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிட்டு வருவது பலன் தரும். விலை கேட்க வரவில்லை, திருப்பிக் கேட்க வரவில்லை, அளந்து படம் எடுக்க வந்தோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். உரிமையாளர் பெயரை உங்கள் ரகசியப் பிரதியில் மட்டும் வையுங்கள். வெளியே காட்டும் பிரதியில் 'தனியார் சேகரிப்பு, புதுச்சேரி' போதும்.

சிற்பங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு: இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் ஒரு கோயிலுக்காகப் பிரான்குசியிடம் மூன்று பறவைகள் வாங்கினார். கோயில் கட்டப்படவே இல்லை. அவற்றில் கறுப்புப் பளிங்கும் வெள்ளைப் பளிங்கும் இன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கின்றன. கைமாறிய ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதும் பழக்கம் வேண்டும்.

பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படம் எடுக்க யாரிடமும் பதிப்புரிமை அனுமதி வேண்டாம், 1957 சட்டமே சொல்கிறது. ரவுண்டானா சிற்பங்களை முதலில் போய் எடுத்துவிடுங்கள். சாலை அகலப்படுத்தினால் அவைதான் முதல் பலி. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனில் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், துண்டுகள் சேதமாயின. அவர் வழக்குப் போட்டு, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. விற்ற பிறகும் சிற்பிக்குத் தன் படைப்பு மேல் உரிமை உண்டு என்பதற்கு அந்தத் தீர்ப்பைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். படி எடுக்கும் உரிமையும் எழுதிக் கொடுத்தால் ஒழிய வாங்கியவருக்குப் போகாது. சிற்பி இறந்து 60 வருடம் வரை அது குடும்பத்துடையது.

அழிந்தவற்றுக்கும் எண் உண்டு. ஹெப்வொர்த் முதன்முதலில் துளையிட்ட கற்சிற்பங்களில் ஒன்று உலகப் போரில் அழிந்தது. இன்றும் அவரைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் அது வருகிறது, பதிவும் படமும் இருப்பதால். 'காணவில்லை', 'உடைந்தது', 'சிற்பியே உடைத்தார்', 'பழைய இரும்புக்குப் போனது' என்று காரணத்தைப் பிரித்து எழுதுங்கள். காணாமல் போனது ஒருநாள் வரும். உருக்கியது வராது.

பத்திரப்படுத்துவது

கணினியில் சாதாரண அட்டவணை போதும், தனி மென்பொருள் தேவையில்லை. படக் கோப்பின் பெயரிலும் அதே எண் இருக்கட்டும். ஒரு பிரதி இணையச் சேமிப்பில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று தாளில். தாள் பிரதியைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது பெய்த மழையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில்.

சிற்பங்களின் நிலையையும் பதிவில் ஒரு வரி சேருங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், வெண்கலத்தில் பச்சைக் களிம்பு ஏறும். சில இடங்களில் சிற்பி வேண்டுமென்றே வரவழைத்த நிறம் அது. பதிவு எடுக்கப் போகும் முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: விருந்தாளி வருகிறார் என்று யாராவது புளி போட்டு விளக்கிவைத்துவிட்டால் அந்த நிறம் திரும்ப வராது.

விலை எழுத வேண்டாம். எழுதினால் அன்றிலிருந்து அது விலைப்பட்டியல். அசல் என்று சான்றிதழும் கொடுக்காதீர்கள், அது சிற்பியின் வேலை. பட்டியலில் இல்லாத ஒன்றை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், 'ஆய்வில்' என்று ஒரு தனி வரிசையில் அளந்து, படம் எடுத்து, வந்த தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். சிற்பி பார்த்துச் சொன்ன பிறகு முதன்மை வரிசைக்கு மாற்றலாம். அவர் இல்லையென்றால் முதுகுப் பக்கத்தையும் பற்றவைப்பையும் மற்றவற்றோடு ஒப்பிட்டு, தெரியவில்லை என்றால் அந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

முதல் நூறு எண் ஆனதும் ஓர் அச்சுப் பிரதி எடுத்து, அட்டையில் 'இன்ன தேதி வரை' என்று போட்டு, வெளியே காட்டும் பிரதியைப் புதுச்சேரி ரோமன் ரோலன் நூலகத்திலும் சென்னை லலித் கலா அகாதமியிலும் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். சிற்பியிடமும் ஒன்று கொடுங்கள், அகலமான ஓரம் விட்டு. அவர் அதில் பேனாவால் திருத்திக் கொடுப்பதுதான் உங்கள் அடுத்த பதிப்பு.